ஓடந்துறை ஊராட்சியின் காற்றாலை

கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ள ஓடந்துறை ஊராட்சி, தெருவிளக்குகளுக்கும் குடிநீர் மோட்டார்களுக்கும் ஆண்டுதோறும் ஏறிவந்த மின்கட்டணத்தைக் குறைக்க வழி தேடியபோதே மரபுசாரா எரிசக்தியின் பக்கம் திரும்பியது. புவி வெப்பமாதல் பற்றிய கவலையைவிட மின்கட்டணச் சீட்டே அதனை அசைத்தது என்றால் மிகையன்று. மரத்துண்டுகளைக் குறைந்த காற்றில் எரித்து, அப்போது எழும் வாயுவைக் கொண்டு எந்திரத்தை ஓட்டும் கலன் ஒன்றை முதலில் நிறுவிய ஊராட்சி, அதன் உதவியால் குடிநீரை இறைத்தது. பின்னர் 2006இல், தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை வாங்கியது.

அக்காற்றாலை ஊர் எல்லைக்குள் இல்லை என்பதே கவனிக்கத்தக்கது. காற்று வளம் மிகுந்த உடுமலைப்பேட்டைப் பகுதியில் அது சுழல, அங்கு கிடைக்கும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிகளில் கலந்துவிடுகிறது. ஊராட்சி செலவிடும் யூனிட்டுகளை அதில் கழித்துக்கொண்டு, மிஞ்சியதை வாரியமே விலைக்கு வாங்கிக்கொள்வது ஏற்பாடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் யூனிட் அவ்வாறு மிஞ்ச, அந்த விற்பனைப் பணம் கடன் தவணையை அடைக்கப் பயன்பட்டது.