மகளும் பங்காளியே!

(மகளிர் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழில் 'பங்காளி' என்றொரு சொல் உண்டு. பங்கை ஆள்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஆயின், வழக்கில் அச்சொல் ஆண்வழி உறவினரை மட்டுமே சுட்டுகின்றது. சிற்றப்பன் மகன் பங்காளி; ஒரு வயிற்றுப் பிறந்த தங்கையோ பங்காளியல்லள். அவள் சீர் பெறுபவள், பங்கு பெறுபவளல்லள். இவ்வொரு சொல்லின் ஆட்சியிலேயே பெண்ணின் நிலை விளங்கிவிடுகின்றது.

யாஞ்ஞவல்கியரின் அறநூலுக்கு விஞ்ஞானேசுவரர் வடமொழியில் வரைந்த 'மிதாக்கரம்' என்னும் உரையையே, ஆங்கிலேயர் ஆட்சிக்கால வழக்குமன்றங்கள் தென்னாட்டு இந்துக்களுக்குரிய சட்டமாகக் கொண்டன. அதன்படி, மூதாதையர் உடைமையில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை வந்தது, மகளுக்கு வரவில்லை. நூலில் இருந்தது சட்டமாயிற்று, சட்டம் பழக்கமாயிற்று, பழக்கத்தையே மக்கள் அறமென நம்பினர்.

ஒரு மதத்தை மட்டும் யான் குறைகூற வரவில்லை. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறித்தவ மரபுரிமைச் சட்டம், மகனின் பங்கில் நான்கிலொன்று அல்லது 5,000 உருபா, இவற்றுள் எது குறைவோ அதையே மகளுக்கு அளந்தது. மேரி ராய் அம்மையார் வழக்குத் தொடுத்த பின்னரே, 1986-இல் உச்ச வழக்குமன்றம் அச்சட்டம் செல்லாதொழிந்ததென்று உரைத்து, மகனுக்கும் மகளுக்கும் ஒத்த பங்கு வழங்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்துமெனத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் பெண்ணுக்கு உடைமையில் ஒத்த உரிமை வேண்டுமென்று 1929-இலேயே செங்கற்பட்டுத் தன்மான மாநாடு முழங்கியது. 1956-ஆம் ஆண்டின் இந்து மரபுரிமைச் சட்டம், தந்தை தாமே ஈட்டி, விருப்பாவணம் எழுதாது விட்டுச்சென்ற உடைமையில் மகளுக்குப் பங்களித்தது. மூதாதையர் உடைமையிலோ பிறப்புரிமையை ஆண்மக்களிடமே விட்டுவைத்தது. குடியிருக்கும் வீட்டையும், ஆண்கள் பிரித்துக்கொள்ள முன்வருங்காறும், மகள் பிரிக்கக் கேட்டல் இயலாதென்றது.

தமிழக அரசு 1989-இல் அக்குறையைத் திருத்தி, மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. எனினும், 25.3.1989-க்கு முன் மணமானவர்க்கு அவ்வுரிமை கிட்டவில்லை. 9.9.2005 முதல் நடுவணரசின் திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது. மணமானவளாயினும் ஆகாதவளாயினும் மகள் மகனை ஒப்பாள். அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020-இல் உச்ச வழக்குமன்றம் தெளிவுறுத்தியது. 20.12.2004-க்கு முன் முறைப்படி முடிந்த பிரிவினைகளை மட்டும் இனிக் கிளறுதல் இயலாது.

சட்டம் வந்துவிட்டது, பங்கு வந்ததா? பதிவு அலுவலக வாயிலில் நின்று பாருங்கள். அண்ணன் தம்பியர் முன்னே நிற்க, தங்கை தலைகுனிந்து கையெழுத்திடுகின்றாள். மக்கள் அதனை விடுதலைப் பத்திரம் என்பர். யாருக்கு விடுதலை? "கையெழுத்திடாவிடின் பிறந்தகத்து வாயில் அடைபடும், என் பிள்ளைகட்குத் தாய்மாமன் முறை செய்ய யார் வருவார்?" என்னும் அச்சமே அவள் கையைப் பிடித்து எழுதுவிக்கின்றது. அன்று நூல் மறுத்ததை இன்று அன்பின் பெயரால் மறுக்கின்றோம்.

குடும்பத்தார்க்குள் எழுதும் விடுதலை ஆவணத்திற்கு முத்திரைத் தீர்வையில் அரசு சலுகை தருகின்றது. அக்குடும்பத்தாரே எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினை ஆவணத்திற்கும் அதுபோன்ற சலுகை உண்டு. ஆகவே, செலவைக் காட்டித் தங்கையின் பங்கை எழுதி வாங்குதல் வெறும் சாக்கே.

அன்னையீர்! படித்துணராத ஆவணத்தில் கையெழுத்திடாதீர். பதிவான விடுதலையை மீட்டல் அரிது. ஆடவர்காள்! பெற்றோர்க்குப்பின் உடைமையைப் பிரிக்கும்போது, தங்கையின் கையெழுத்தைக் கேளாதீர். அவள் பங்கு எதுவென்று கேளுங்கள். தமக்கையும் தங்கையும் தம் பங்கைப் பெற்ற பின்னும் வரவேற்கப்படும் வீடே பிறந்தகம். உரிமையை விலையாகக் கேட்கும் உறவு உறவன்று, வாணிகம்.

பங்காளி என்னும் சொல்லுக்கு அதன் நேர்ப்பொருளை மீட்டுத் தருவோம். மகளும் பங்காளியே!