கணக்கும் தர்க்கமும் யார் சொத்து?

(கேளம்பாக்கத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

"கூலிக்காரனுக்குக் கணக்குப் புத்தகம் எதற்கு? தர்க்கமும் தத்துவமும் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம். நாமும் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல, பத்தாவதோடு நின்றவர்தான்.

நம் சிறு வயதில் நடந்தது இது. அறுப்புக் கூலியாகக் கிடைத்த நெல்லை அம்மா வீட்டுப் படியால் அளந்து பார்த்தார். மரக்காலுக்கு 8 படி இருக்க வேண்டும்; ஏழரைதான் இருந்தது. "அரைப்படிதானே, போகட்டும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். எண்சுவடி ஒப்பித்து வளர்ந்த கிழவர் ஒருவர் திண்ணையிலிருந்து அதட்டினார்: "அரைப்படி என்று சொல்லாதே, மாகாணி என்று சொல்!" மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. 16 மரக்கால் கூலி வாங்கினால் ஒரு மரக்கால் மாயம்! 16 நாள் உழைத்தால் ஒரு நாள் உழைப்பு களத்துக்காரருக்குத் தானம்! மறுநாள் தெருவே படியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போயிற்று. மரக்கால் மாறியது.

அந்தக் கிழவர் படித்த எண்சுவடி போல இன்னொரு பழைய நூல் கணக்கதிகாரம். காரிநாயனார் செய்தது. நெல் அளவை, நில அளவை, பொன் நிறை எல்லாம் செய்யுளில் சொல்லும் நூல். வட்டத்தின் பரப்பைக் காண அது சொல்லும் வழி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குவது. குறுக்கே 14 அடியுள்ள கிணற்றுக்குச் சுற்றளவு 44 அடி. 22ஐ 7ஆல் பெருக்கினால் 154 சதுர அடி. ஓர் அடி ஆழம் தோண்ட 154 கன அடி மண்.

"இரண்டடிதானே, கொஞ்சம் அகலமாக வெட்டு" என்கிறார் காண்டிராக்டர். விட்டம் 16 அடியானால் பரப்பு ஏறக்குறைய 201. ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் 47 கன அடி மண் கூடுதல்! வேலை பத்துக்கு மூன்று பங்கு ஏறிவிட்டது. கூலி ஏறியதா? கணக்குத் தெரிந்தவன்தான் கேட்பான்.

அதே நூல் பலாப்பழக் கணக்கும் சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எத்தனை என்று தெரியுமாம். நம்பலாமா? பழைய ஏடு என்பதற்காக நம்ப வேண்டாம். பழைய ஏடு என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். பழத்தை அறுத்துச் சுளையை எண்ணுவோம்! விஞ்ஞானத்தின் வாசல் அதுதான்.

தர்க்கமும் தூரத்துச் சரக்கல்ல. மணிமேகலை யார்? நாட்டியக்காரி மாதவியின் மகள். நமக்குப் பக்கத்திலுள்ள காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் போதித்ததாகக் காப்பியம் சொல்கிறது. மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. அடுக்களையில் கண்டது போல. முடிவு, காரணம், எடுத்துக்காட்டு என்று மூன்று உறுப்பு. மூன்றிலும் போலி நுழையும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

"ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது, ஆகவே போனஸ் இல்லை" என்கிறது நிர்வாகம். காரணத்தை உரசிப் பாருங்கள். நஷ்டம் வந்தாலும் குறைந்தபட்ச போனஸ் உண்டு என்று 1965ஆம் வருஷச் சட்டமே வகுத்தது. ஆகவே நஷ்டம் என்பது மெய்யாக இருந்தாலும் அந்த முடிவுக்கு அது காரணமாகாது, போலிக் காரணம்! அந்த 8.33 சதவிகிதம் என்ன? பன்னிரண்டில் ஒரு பங்கு. சட்டம் வைத்த உச்சவரம்புக்குள் ஒரு மாதச் சம்பளம்.

தத்துவத்துக்கு வருவோம். 1935-36ல் பாரிஸ் தொழிலாளர் பல்கலைக்கழகத்தில், பகலெல்லாம் உழைத்தவர்களுக்கு ஜார்ஜ் பொலிட்ஸர் தத்துவ பாடம் நடத்தினார். 1942ல் நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் மாணவர் எழுதி வைத்த குறிப்பு பிழைத்தது; 1946ல் புத்தகமாயிற்று; 'மார்க்சிய மெய்ஞ்ஞானம்' என்று தமிழிலும் வந்தது. 1923ல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் விஞ்ஞானத்தையும் தத்துவத்தையும் பாமரர் தமிழில் எழுதிக் குவித்தார். இவர்கள் யாருக்காக எழுதினார்கள்? நமக்காக!

தோழர்களே! உப்பளத்திலும் வயலிலும் உழைத்த குடும்பங்களின் ஊர் இது. அடுத்த சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழுந்து நிற்கின்றன. அங்கே உள்ளே நடப்பதும் கணக்கும் தர்க்கமுமே. வாசலில் காவல் நிற்பது நம் பிள்ளைகள். உள்ளே போய் உட்கார வேண்டாமா?

வாரம் ஒரு மணி நேரம் கூடுவோம். படிக்கத் தெரிந்தவர் வாய்விட்டுப் படிக்கட்டும். தெரியாதவர் கேள்வி கேட்கட்டும். ஒரு கயிறு, ஒரு படி, ஒரு புத்தகம் போதும். பலாப்பழக் காலத்தில் ஒரு பழமும் கொண்டு வாருங்கள். முதலில் எண்ணுவோம், பிறகு பகிர்ந்து உண்போம்!