என்ன வேண்டும் என்று கேட்போம்



எரிகோ வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயு பார்வையற்றவன் என்று இயேசு அறிந்திருந்தார். ஆனாலும், என்ன செய்யவேண்டும் என்று அவனிடமே கேட்டார். ஆம்பூரில் நாங்கள் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம்.

ஷூ கம்பெனியில் தோல் தைத்துவந்த ஒரு சகோதரிக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கியது. லேசர் சிகிச்சை மீதமிருந்த பார்வையைக் காத்தது. இழந்ததைத் திருப்பித் தரவில்லை. நாங்கள் வெள்ளைக்கோல் கொடுத்து அனுப்பினோம். அது பரணில் கிடந்தது. பிறகுதான் கேட்டோம். "மாத்திரை அட்டையையும் வேதாகமத்தையும் நானே வாசிக்கணும்" என்றார். விளக்குப் பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றே போதுமானதாயிருந்தது.

கல்லூரி மாணவருக்குத் தேவை வேறு. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. மென்பொருள், கணினித் திரையில் உள்ளதைத் தமிழிலும் வாசித்துக் காட்டுகிறது. அதற்குக் கட்டணமில்லை.

முற்றிலும் பார்வை இழந்தவருக்கோ வெள்ளைக்கோல்தான் துணை. ஆனால் கோலின் நுனியால் படியையும் சாக்கடையையும் அறிந்து நடக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சியில்லாத கோல் வெறும் குச்சியே.

அன்பானவர்களே, கருவி வாங்க நீங்கள் மனமுவந்து கொடுக்கிறீர்கள், நன்றி. அருகிலிருந்து பொறுமையாய்க் கற்றுக்கொடுக்கிறவரின் சம்பளத்துக்கும் கொடுங்கள் என்று தாழ்மையாய்க் கேட்கிறோம். பரணில் கிடக்கும் கோல்கள் தெருவுக்கு வரட்டும். இந்த ஊழியத்தை உங்கள் ஜெபங்களில் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.