பள்ளி வாயிலைக் கடந்த நாள்

(சேவுகம்பட்டியில் நடைபெற்ற ஊராட்சி, பேரூராட்சி உறுப்பினர்கள் மற்றும் விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சி தினம். அன்று கூடும் கிராம சபைகளில் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை குறித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றுவீர்கள். அவற்றுடன் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு தீர்மானம் சேர்த்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்ளவே உங்கள்முன் நிற்கிறேன்.

மராட்டிய மாநிலத்தில் நவம்பர் 7-ஆம் நாள் மாணவர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. 2017-இல் அம்மாநில அரசு இதனை அறிவித்தது. 1900-ஆம் ஆண்டில் அந்நாளில்தான் சதாரா நகரத்து அரசுப் பள்ளியில் பீவா என்னும் சிறுவன் சேர்ந்தான். பிற்காலத்தில் நமது அரசியலமைப்பின் வரைவுக் குழுவிற்குத் தலைமை தாங்கிய டாக்டர் அம்பேத்கரே அச்சிறுவர்.

பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் மற்றப் பிள்ளைகளோடு அமர இடம் கிடைக்கவில்லை. வகுப்பின் ஒரு மூலையில் தனியே ஒரு சாக்கின்மீது அமர வேண்டும். பள்ளியைச் சுத்தம் செய்யும் ஊழியர் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். ஆகவே மாலையில் அதை வீட்டிற்கு எடுத்துச் சென்று, மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறக்கக் கூடாது. பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர். அவர் வராத வேளையில் தாகத்தோடு இருக்க வேண்டும்.

நம் தமிழகத்தின் நிலையும் வேறன்று. கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்ற இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், தமது சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் மற்ற மாணவர்களுடன் கூடி விளையாடவும் இயலாதிருந்தார். அவரே பின்னர் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, பொதுச்சாலை, கிணறு, குளம் முதலியவை அனைவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் நிறைவேறச் செய்தார். தெருவில் நடக்க உரிமையில்லாத பிள்ளை பள்ளிக்கு எவ்வாறு வரும்?

இக்கொடுமை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் மட்டுமே பயின்ற பள்ளியில் சேரச் சென்றாள். கூட்டம் வசைபாடியது. மத்திய அரசின் காவலர்கள் அவளை அழைத்துச் சென்றார்கள். மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டனர். பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை அந்த ஒரு குழந்தைக்கே ஓராண்டு முழுதும் பாடம் நடத்தினார். இன்று அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், நவம்பர் 14 அன்று பிள்ளைகள் ஒன்றுகூடிப் பள்ளிக்கு நடந்து சென்று அவளை நினைவுகூர்கின்றனர். அதே நாள் நமக்குக் குழந்தைகள் தினம்.

1950-இல் நமது அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. தீண்டாமையின் பெயரால் பள்ளியில் இடம் மறுப்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. எனினும், மதகைத் திறந்துவிட்டால் மட்டும் கடைமடை நனைந்துவிடாது என்பதை விவசாயிகளாகிய நீங்கள் அறிவீர்கள். வாய்க்காலில் அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், ஆதிதிராவிடப் பெண் சமைத்தார் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ணவிடாத பெற்றோரைப் பற்றியும் செய்திகள் வந்தன. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட துயரத்தை நாடறியும். அதன்பின் அமைந்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024-இல் அளித்த அறிக்கையில், சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், மாணவரைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அரசாணை பள்ளி வாயில்வரை வரும். கையில் கயிறு கட்டி அனுப்புவதும் அவிழ்த்து அனுப்புவதும் வீட்டின் பொறுப்பு. ஆகவே நவம்பர் 7 முதல் 14 வரையுள்ள ஒரு வாரத்தை நமது ஊர்களில் அனுசரிக்கலாம் என்பது என் யோசனை. முதல் நாள், எல்லாத் தெருக்களின் வழியாகவும் பிள்ளைகள் ஒன்றாகப் பள்ளிக்கு நடந்து வரட்டும். உறுப்பினர்கள் முன்னே நடக்கட்டும். இடையிலுள்ள நாட்களில் பள்ளி மேலாண்மைக் குழு கூடி, குடிநீர் எல்லார்க்கும் பொதுவாக உள்ளதா, கழிப்பறையைச் சுத்தம் செய்யும்படி எந்தப் பிள்ளையேனும் ஏவப்படுகிறதா, படிப்பை நிறுத்திய பிள்ளை எத்தெருவில் இருக்கிறது என்பவற்றை ஆராயட்டும். குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே என்பதால், இதனைச் செய்யும் அதிகாரம் உங்களிடமே உள்ளது. நிறைவு நாளில், பள்ளிச் சமையற்கூடத்தில் சமைத்த உணவைப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து நாமும் உண்போம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இன்று ஒரே பந்தியில் அமரும் பிள்ளைகளே நாளை கிராம சபையிலும் ஒன்றாக அமர்வர். வாய்க்கால் முறையையும் சண்டையின்றிப் பகிர்வர். நவம்பர் முதல் நாளன்று இத்தீர்மானத்தை முன்மொழிய ஓர் உறுப்பினரேனும் எழுந்து நிற்க வேண்டுகிறேன்.