கரிசல் காட்டின் காவல் துப்பாக்கி

குளத்தூரிலிருந்து மேற்கே கோவில்பட்டி வரை விரிந்து கிடக்கும் கரிசல் நிலத்தில், புரட்டாசியில் விதைத்த சோளமும் கம்பும் தை மாதத்தில் கதிர் முற்றி நிற்கும்போது, பகலில் பறவைகளுக்கும் இரவில் காட்டுப் பன்றிகளுக்கும் வெள்ளாமையைப் பறிகொடுக்காமல் காக்கவேண்டிய சம்சாரிகளுக்கு, கவணுக்கும் தகர டப்பாவுக்கும் அடுத்தபடியாக உதவிய சாதனம், குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியாகும்.

இப்பிரதேசத்தில் ஆயுதத்துக்குத் தனிச் சரித்திரம் உண்டு. பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியின் போர்கள் ஓய்ந்த 1801-இல் பாளையக்காரர்களின் ஆயுதங்களைக் கிழக்கிந்தியக் கும்பினியார் பிரகடனம் செய்து பறித்தார்கள். பின்னர் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தேசம் முழுவதையும் கட்டுப்படுத்தியது. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, பதின்மூன்றாம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென்று இந்த வாய்வழித் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அதற்கு உரிமம் வழங்க வகை செய்தது. உழவனின் தேவையைச் சட்டம் இவ்வளவு நுட்பமாக உணர்ந்தது பாராட்டத்தக்கது.

இத்துப்பாக்கியின் குழல் அளவை எண்ணால் குறிப்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைக் குழலுக்குப் பொருந்தும் உருண்டைகளாக வார்த்தால் எத்தனை கிடைக்குமோ, அதுவே குழலின் எண். ஆகவே எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். 12-ஆம் எண் குழலின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 28-ஆம் எண்ணுக்கு 14 மில்லிமீட்டர்தான். சிறுகுழலுக்கு மருந்தும் ரவையும் குறைவாகவே போதும். பளு குறைவாதலால் இரவெல்லாம் வரப்பில் நடப்பவனின் தோளும் நோகாது. தூரத்து இலக்குக்கு அது உதவாது என்பது மெய்யே. ஆனால் காவற்காரனுக்கு வேண்டியது தூரமன்று, ஓசை. ரவையே இடாமல் மருந்தையும் அடைப்பையும் மட்டும் கெட்டித்து விசையை இழுத்தால் எழும் கனத்த முழக்கம், கதிரில் இறங்கிய கூட்டத்தைக் கலைத்துவிடும். ஒரு வெடி தீர்ந்தால் மறுபடி கெட்டிக்க நேரமாகும் என்பதைக் குறையென்பார்கள். கண்டபடி சுடாமல் நிதானத்தைக் கற்பிக்கும் அந்தத் தாமதமே இதன் சிறந்த குணம் என்று நான் கருதுகிறேன்.

கரிமருந்து ஈரத்தை ஈர்க்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது நமுத்துப்போகும். சுட்டபின் படியும் கரியோ இரும்பை அரிக்குமாதலால், வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாதவன் துப்பாக்கி விரைவில் கெட்டுவிடும். புகையில்லா நவீன மருந்தை இக்குழலில் இடுவது பிராணாபாயம். அதன் அழுத்தத்தைப் பழைய இரும்பு தாங்காது.

வேட்டைக்கு இது உரிய காலம் போய்விட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், கௌதாரியையோ மயிலையோ சுட எந்தத் துப்பாக்கி உரிமமும் அனுமதி தராது. அதுவே நியாயமும் ஆகும்.

பாட்டனார் காலத்துக் குழல் உங்கள் வீட்டுப் பரணில் இருக்குமானால், அதை விளையாட்டாகவும் எடுத்து விசையைத் தொடாதீர்கள். கெட்டித்த கரிமருந்து பல்லாண்டு கழித்தும் உயிரோடிருக்கும். உரிமம் பெற்றவர் காலமாகியிருந்தால், உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து அதை ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் உங்கள் பெயருக்கு முறைப்படி விண்ணப்பம் செய்யுங்கள்.