'அம்மா'வுக்கு எத்தனை பைட்?

'அம்மா' எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே மூன்று என்று சொல்லிவிடும். செயற்கூறு நிரலாக்க மொழியான ஹாஸ்கெல்லில் டெக்ஸ்ட் வகை ஐந்து என்கிறது: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். கோப்பில் சேமிப்பதற்காக அதை 'என்கோடுயுடிஎஃப்8' செயற்கூறிடம் கொடுத்தால் 15 பைட் கொண்ட பைட்ஸ்டிரிங் ஆகிறது. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3. 'டீகோடுயுடிஎஃப்8' அதை அப்படியே உரையாகத் திருப்பித் தரும்.

மாணவர் பெயர்ப் பட்டியலைச் சேமித்தபோது, நான் இதை விட்டுவிட்டு 'சார்8' தொகுதியின் 'பேக்' செயற்கூறைப் போட்டுவிட்டேன். அது ஒவ்வொரு குறியீட்டிலும் கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். 'அ'வின் யுனிகோடு எண் 2949, மிஞ்சியது 133. பிழைச்செய்தி எதுவும் வராது. ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்ததால் எனக்குத் தெரியவும் இல்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகுதான் உறைத்தது. தமிழின் எண்கள் 2944 முதல் 3071 வரை. எல்லாவற்றிலும் வெட்டுப்பட்டது ஒரே 2816. ஆங்கில எழுத்துகளோ 128-க்குக் கீழே. ஆகவே 128 முதல் உள்ள பைட்டுகளோடு மட்டும் 2816-ஐக் கூட்டினேன். பெயர்கள் திரும்பி வந்தன. தெலுங்குப் பெயர்களாக இருந்திருந்தால் இந்த வழி நடக்காது. அங்கே 'ம'வின் எண் 3118. வெட்டினால் 46, அதாவது முற்றுப்புள்ளி.