காலிக் கோட்டைச் சேவல்

இலங்கையின் காலிக் கோட்டைக்குப் போனால், பழைய வாசலின் உள்பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். கல்லில் இரண்டு சிங்கங்கள், நடுவே 'வி.ஓ.சி.', 1669-ஆம் ஆண்டு, உச்சியில் ஒரு சேவல். நமக்குக் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.யின் நினைவுதான் வரும். ஆனால் அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை.

முதலில் இங்கே சிறு கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 1640-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். ஊரையே கருங்கல்லாலும் பவளப்பாறையாலும் வளைத்து மதில் எழுப்பினார்கள். எனக்குப் பெரிய வியப்பு, தெருவுக்கு அடியில் அவர்கள் அமைத்த சாக்கடைதான்: கடல் ஏறி இறங்கும்போது அந்த நீரே அதைக் கழுவிவிட்டது!

1988-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மதிலுக்குள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.